இதைவிடக் கசப்பா ஏதாவது?

"இதைவிடக் கசப்பா வேற ஏதாவது இருக்கா அண்ணி?"

தம்பி பெண்டாட்டி கேட்டதும் ஹாலே சிரித்தது. நிலவேம்பு இலையை மென்றுவிட்டு முகம் அஷ்டகோணலாக உட்கார்ந்திருந்த தையற்கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூலிகை வட்டத்தை ஆரம்பித்தவள் அவள். நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் இந்த ஹாலை ஞாயிறுதோறும் கேட்டு வாங்கியதும், தொட்டி தொட்டியாகச் செடி வளர்ப்பதும் அவள்தான். எந்த இலை எதற்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். மற்றவர்கள் சளிக்கு எது, மூட்டு வலிக்கு எது என்று கேட்பார்கள். தம்பி பெண்டாட்டி வந்த நாளிலிருந்து கேட்பது ஒன்றே ஒன்றுதான். எது கசப்பு, எது அதைவிடக் கசப்பு.

"நோயைக் கேளும்மா. ருசியை ஏன் கேக்கறே?"

"சும்மாதான் அண்ணி" என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று புதிதாக ஒரு தம்பதி வந்திருந்தார்கள். யார் புதிதாக வந்தாலும் அக்கா முதலில் காட்டுவது செடியை அல்ல, தம்பியை.

"இதோ நிக்கறானே, என் கூடப்பிறந்தவன். வெறும் கஷாயம்தான். பிரஷர் மாத்திரையைத் தலையைச் சுத்தித் தூர எறிஞ்சாச்சு. இப்ப அளந்து பாத்தா வாலிபப் பையன் பிரஷர்!"

இதைச் சொல்லும்போது அக்காவின் குரல் கணீரென்று இருக்கும். கணவர் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவளா இவள் என்று தெருவே ஆச்சரியப்பட்டிருக்கிறது. நரைத்த தலையோடு தம்பி, ஜவுளிக்கடை பொம்மை மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பான்.

அடுத்து அவன் எல்லார் முன்னாலும் கஷாயம் குடிக்க வேண்டும். அதுவும் வழக்கம்தான். எடுத்து வரப் போன தம்பி பெண்டாட்டியை இன்னும் காணோம். என்ன பண்ணுகிறாள் என்று அக்காவே எழுந்து போனாள்.

ஹாலை ஒட்டிய சமையலறையில் அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். இலை இடிக்கிற சின்ன உரலில் வெள்ளையாக எதையோ போட்டுப் பொடித்தாள். பொடியைக் கஷாய டம்ளரில் தட்டிக் கொட்டி, அவசர அவசரமாகக் கலக்கினாள்.

அக்காவுக்குப் பொறி தட்டியது. எது கசப்பு, எது அதைவிடக் கசப்பு. அடிப்பாவி, இதுக்குத்தானா!

"என்னடி அது?"

உரல் கைதவறி விழுந்து உருண்டது.

"உ... உப்பு அண்ணி."

"கஷாயத்துல உப்புப் போடச் சொல்லி எவ உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தாள் அக்கா.

"டேய், இனிமே இவ கையால ஒரு வாய்த் தண்ணிகூட வாங்கிக் குடிக்காதே! கஷாயத்துல எதையோ கலக்கறா. என் கண்ணால பாத்தேன். உன் உயிருக்கே உலை வைக்கப் பாக்கறா!"

தையற்கடைக்காரர் வாயில் மிச்சமிருந்த இலையைத் துப்பினார். புதிதாக வந்த பெண் கணவரின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

தம்பி பெண்டாட்டி பின்னாலேயே வந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். பாதி காலியாகியிருந்தது.

அக்கா திருப்பிப் பார்த்தாள். அவளே தம்பி வீட்டுக் குப்பைக்கூடையில் போடவைத்த அதே மாத்திரை.

"நீங்க சொன்னீங்கன்னு விட்டுட்டார் அண்ணி. கொஞ்ச நாள்லயே குளிக்கப் போன இடத்துல மயங்கி விழுந்துட்டார். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு என் வாயை அடைச்சார். அக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டேன், மாத்திரையைத் தொட மாட்டேன்னு ஒரே பிடிவாதம். டாக்டர் கால்ல விழாத குறையாக் கேட்டேன். பொடி பண்ணிக் குடுக்கலாம்னார். இவர் நாக்குக்குத் தெரியக் கூடாதே. அதுக்குத்தான் கசப்பு கசப்புன்னு..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அட்டையையே பார்த்தாள். தம்பி விழுந்திருக்கிறான். தான் விழவைத்திருக்கிறோம். இத்தனை நாள் ஊரைக் கூட்டிப் பெருமை பேசியதெல்லாம் இந்த அட்டையைப் பற்றித்தானா? நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது.

தம்பி மெதுவாக வந்து டம்ளரை வாங்கினான். பெண்டாட்டி முகத்தில் வீசத்தான் போகிறான் என்று எல்லாரும் பதறினார்கள். அவன் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாளையிலேருந்து மாத்திரையைத் தண்ணியிலயே குடு. கசந்து கசந்து நாக்கே செத்துப் போச்சு."

தம்பி பெண்டாட்டி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"டம்ளர் அடியில சுண்ணாம்பு மாதிரி நிக்குது. தெரியாம இருக்க நான் என்ன பச்சைக் குழந்தையா?"

அக்கா தம்பியின் தோளைப் பிடித்தாள்.

"தெரிஞ்சும் ஏன்டா மறைச்சே? மாத்திரை இல்லாம முடியலைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன அடிக்கவா போறேன்?"

தம்பி சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தான் போனதுக்கப்புறம் நீ வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்தது, இந்த ஹால்ல என்னைக் காட்டிப் பேசறப்ப மட்டும்தான்க்கா."