ஒரே ஆள்

சிப்காட் கம்பெனியில் சூப்பர்வைசர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிற சுபாஷ், ஷிப்ட் முடிந்ததும் ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங் சென்டரில் வேறு ஆளாகிவிடுவான். அங்கே அவன் பெயர் 'தீப்பொறி'. இணைய மன்றத்தில் வெளுத்து வாங்குவான்.

அவனுடைய ஜென்ம எதிரி 'நிலவன்'. எல்லோரையும் பேச விடுங்கள், விசாரிக்காமல் யாரையும் துரத்தாதீர்கள் என்பது நிலவன் கட்சி. "இரண்டு பெயரில் எழுதும் போலிகளை விசாரிக்காமல் துரத்துங்கள்!" என்பது சுபாஷின் கட்சி.

இன்று மன்றம் அவனை உள்ளே விடவில்லை. நிர்வாகியின் அறிவிப்பு மட்டும் இருந்தது.

"தீப்பொறியும் நிலவனும் ஒரே இணைப்பிலிருந்து எழுதுகிறார்கள். இருவரும் ஒருவரே. தீப்பொறி கேட்டுக்கொண்டபடி, விசாரணையின்றி நீக்குகிறோம்."

"அட சண்டாளா! நானும் அந்த நிலவனும் ஒரே ஆளா?" என்று கத்தினான் சுபாஷ்.

பக்கத்து கேபின் தடுப்புக்கு மேலே ஒரு தலை எழுந்தது. தினமும் அவனுக்கு டீ வாங்கித் தரும் செருப்புக்கடை ஃபக்ருதீன்.

"தீப்பொறி நீதானா தம்பி?"

"பாய்... நீங்களா நிலவன்?"

"விசாரிச்சுட்டுத் தொரத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டியா?"

சுபாஷ் அவரைத் தன் கேபினுக்கு இழுத்தான். இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, நாங்கள் வேறு வேறு ஆட்கள், அடுத்தடுத்த கேபின்காரர்கள் என்று நிர்வாகிக்குச் சேர்ந்தே மெயில் அனுப்பினார்கள்.

உடனே பதில் வந்தது.

"இத்தனை நாளும் எதிலும் ஒத்துப்போகாதவர்கள், மாட்டிக்கொண்டதும் ஒரே குரலில் பேசுகிறீர்கள். இதற்கு மேலும் ஆதாரம் வேண்டுமா, நண்பரே?"