கிளீட்டஸ் பாஸ் கொடுத்தான்

கிளீட்டஸைத் தென்னை மரத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, தலையிலிருந்த மீன் கடவத்தை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள் அவன் அம்மா வேளாங்கண்ணி.

போய்ப் பார்த்தால் உண்மைதான். மகனின் இடது காலில் கயிறு, கயிற்றின் மறுமுனை மரத்தில். பக்கத்தில் டிரில் மாஸ்டர் டைட்டஸ் வாயில் விசிலோடு நின்றிருந்தார்.

“எனக்க மொவன் என்னத்தக் களவாண்டான், சாரே? மாட்டக் கெட்டுனது போல கெட்டிப் போட்டிருக்கிய?”

களவு ஒன்றுமில்லை, கால்பந்துப் பயிற்சிதான் என்றார் டைட்டஸ். கிளீட்டஸ் காலுக்குப் போன பந்து யாருக்கும் திரும்பி வருவதில்லை. கூட ஆடும் பத்துப் பேரை மறந்துவிட்டு எதிரணியில் நாலு பேரைத் தாண்டுவான், ஐந்தாவது ஆள் பறித்துக்கொள்வான். இப்படியே மூன்று வருடம் குலசேகரம் பள்ளிக்கூடத்துப் பையன்களிடம் தோற்றாகிவிட்டது.

இந்த 1934-லும் தோற்றால் மைதானத்தில் தென்னம்பிள்ளை வைத்துவிடுவதாகப் பள்ளிக்கூடத்தை நடத்தும் பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். மைதானம் போனால் டிரில் மாஸ்டருக்கு என்ன வேலை? டைட்டஸுக்கு இருபத்துநாலு வயது, கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது.

கயிறு ஐந்து முழம். அதற்குமேல் ஓட முடியாது என்பதால் பந்தை அடுத்தவனுக்குத் தட்டியே ஆகவேண்டும் என்று அவர் விளக்கியதும் வேளாங்கண்ணியின் முகம் தெளிந்தது.

“அப்பம் நல்லா இறுக்கிக் கெட்டும், சாரே. வீட்டுலயும் ஒரு துண்டு மீன் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டான்.”

நாலாம் நாள் கிளீட்டஸ் மரத்தையே சுற்றிச் சுற்றிப் பந்தை உருட்டினான். கயிறு முழுக்கச் சுருண்டு அவன் மரத்தோடு ஒட்டிக்கொண்ட பிறகும் பந்து அவன் காலடியில்தான் இருந்தது.

டைட்டஸ் முறையை மாற்றினார். பையன்களை இரண்டிரண்டு பேராகப் பத்தடி தள்ளி நிறுத்தி, காலின் உட்பக்கத்தால் மாறி மாறி நூறு தடவை தட்டச் சொன்னார். கிளீட்டஸின் ஜோடி சிலுவைமுத்து. அவனுக்கு ஒரு பந்துகூட வராததால் உட்கார்ந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்தது மூன்று தட்டுக் கணக்கு. அதற்குமேல் ஒருவன் பந்தை வைத்திருந்தால் மொத்த அணியும் மாதா கோவிலைச் சுற்றி ஓடவேண்டும். ஒரே வாரத்தில் எல்லோரும் நன்றாக ஓடப் பழகிவிட்டார்கள். கிளீட்டஸ் பந்தோடு ஓடினான்.

ஆட்டம் குலசேகரத்தில். சாமியாரும் வந்திருந்தார். முதல் பாதியில் கிளீட்டஸ் பதினொரு தடவை பந்தைப் பறிகொடுத்தான். யாருக்கும் கோல் இல்லை. டைட்டஸ் மைதானத்தைப் பார்க்காமல் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பாதியில் கிளீட்டஸ் வழக்கம்போல மூன்று பேரைத் தாண்டினான். நாலாவது ஆள், ஒரு தடியன், பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். ரெஃப்ரி பார்க்கவில்லை. உதறிக்கொண்டு விடுபட்ட கிளீட்டஸ் அப்படியே நின்றான்.

இரண்டு கையையும் இடுப்பில் வைத்தான். தலையைத் தூக்கி நாலாபக்கமும் பார்த்தான். பிறகு காலின் உட்பக்கத்தால், சொல்லிக்கொடுத்தபடியே, சிலுவைமுத்துவுக்குப் பந்தைத் தட்டினான்.

வாழ்நாளில் முதல்முறையாகப் பந்து கிடைத்த சிலுவைமுத்து திகைத்துப்போனான். அணி மொத்தமும் கத்தியதில் பயந்துபோய் உதைத்தான். கோல்.

அதன்பின் பந்து எப்போது வந்தாலும் கிளீட்டஸ் நின்ற இடத்தில் நின்றே அடுத்தவனுக்குக் கொடுத்தான். இன்னும் இரண்டு கோல் விழுந்தது. ஆட்டம் முடிந்து பையன்கள் குதித்துக் கூத்தாட, அவன் மட்டும் நடு மைதானத்தில் அசையாமல் நின்றான். இந்த வயசில் இப்படி ஓர் அடக்கமா என்று சாமியார் வியந்தார். தென்னம்பிள்ளைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

குலசேகரத்து வாத்தியார் நோட்டும் பென்சிலுமாக வந்து பயிற்சி முறைகளைக் கேட்டார். முடிச்சு எப்படிப் போடுவது என்பதுவரை டைட்டஸ் சொன்னார். எது பலன் தந்தது என்பதைப் பையன் வாயாலேயே கேட்போம் என்று கிளீட்டஸைக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. இருவரும் அவனிடம் போனார்கள்.

டைட்டஸுக்குக் கண் கலங்கியிருந்தது. “சொல்லு மக்கா, எந்தப் பயிற்சியில ஒனக்கு இது பிடி கிட்டிச்சு?”

கிளீட்டஸ் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

“சாரே, நிக்கருக்க நாடா அறுந்து போச்சு.”