நூறு நாள் பீப்பாய்

"அந்தப் பீப்பாயை மட்டும் தொடாதே, முதலாளி!"

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, கையிலிருந்த கிரீஸைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பதினொரு வயது மகள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

அது மதுவிடுதி நடத்தும் விளையாட்டு. அவள் முதலாளி, அப்பா கிடங்கு மேஸ்திரி. வருகிற வாடிக்கையாளருக்கு எதை ஊற்றுவது என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு. பார்லி பீரை ஒரு வாரத்துக்குள் விற்றுத் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். தேன் மதுவுக்குப் பத்து நாள் போதும். கடைசி வரிசையில் இருந்த பிளம் ஒயின் மட்டும் அப்பாவுடையது. நூறு நாள் ஊறினால் அதற்குத் தங்க முத்திரை கிடைக்கும்.

"ஒரு வியாபாரி வந்து முழுப் பீப்பாயையும் கேக்கறார்ப்பா. குடுத்தா மாடியில நாலு ரூம் கட்டிடலாம்."

"மாடியும் வேணாம், மச்சும் வேணாம். நூறு ஆகட்டும்."

"என் ஃப்ரெண்ட்ஸெல்லாம் ஒரே சாயங்காலத்துல ஒரு வருஷம் ஓட்டிடறாங்க. விளையாட்டுல இருக்கற படுக்கையை அமுக்கினா அடுத்த நாள் விடிஞ்சிடுது. நீங்கதான் தினம் ஒரு தடவைன்னு சட்டம் போட்டு என் உயிரை வாங்கறீங்க."

"நமக்கு ஒரு நாள் போனாத்தான் பீப்பாய்க்கும் ஒரு நாள். குறுக்கு வழியே கிடையாது."

மற்ற விஷயங்களில் அவள் லேசாகக் கண்ணைக் கசக்கினாலே உருகிவிடுகிற மனிதர், இதில் மட்டும் இரும்பாக நின்றார்.

பக்கத்து அறையில் தையல் மெஷின் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தாள். இந்த விளையாட்டைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற பொம்மைகளை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. ஆனாலும் தினமும் இதே நேரத்துக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"இன்னிக்கு எத்தனை?"

"தொண்ணூத்தாறு," என்றார் அப்பா.

அம்மா தலையை ஆட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

மகள் மனசுக்குள் நாலு நாளை எண்ணிக்கொண்டாள். கட்டிலுக்கடியில் மூன்று மாதமாக ஒரு பெட்டி கட்டி வைத்தபடி இருந்தது. அதில் அம்மா துணியும் அவள் துணியும் இருந்தன. அப்பா துணியைக் கடைசி நிமிஷத்தில் அம்மா திணிப்பாள் போலிருக்கிறது. "எங்கம்மா போறோம்?" என்று கேட்டதற்கு, "அப்பாவோட பீப்பாய் நூறு ஆகட்டும், அப்புறம் பேசலாம்" என்றுதான் பதில் வந்தது. போவது கடலுக்குத்தான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.

மறுநாள் அப்பா தாமதமாக வந்தார். "ஒரு லிஃப்ட் பாதியில மாட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமலே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அன்றைக்கு விளையாட்டைத் திறக்கவில்லை. அம்மா அறை வாசல்வரை வந்தாள், எதுவும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

அதற்கும் அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, அப்பா அவளுக்கு முன்னாலேயே கம்ப்யூட்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அவள் ஆசையாகக் கிடங்கின் கடைசி வரிசையைப் பார்த்தாள். அங்கே புத்தம் புதுப் பீப்பாய் ஒன்று இருந்தது. அதன் மேல் 'வயது: 0' என்று எழுதியிருந்தது.

"அப்பா! யாருப்பா வித்தது?"

"நான்தான்."

"நூறுக்கு நாலே நாலு நாள்தானே இருந்துச்சு! என்னைத் தொடாதே தொடாதேன்னு சொல்லிட்டு, நீங்களே..." அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "முதலாளியைக் கேக்காம எப்படி விக்கலாம்?"

அப்பா முகம் செத்துப்போயிருந்தது.

தையல் மெஷின் சத்தம் நின்றது. அம்மா வந்து வாசலில் நின்றாள்.

"இன்னிக்கு எத்தனை?"

அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

"பூஜ்யம்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போய், கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அந்தச் சத்தம் கேட்டும் அப்பா இடத்தை விட்டு அசையவில்லை.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மா பின்னால் ஓடினாள். அம்மா பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பீப்பாய் போனதால கடலுக்குப் போகலையாம்மா?"

"இது கடலுக்குக் கட்டின பெட்டி இல்லடி கண்ணு. உங்கப்பா குடிக்காம இருந்த நாளைத்தான் அந்தப் பீப்பாய் எண்ணிக்கிட்டு இருந்துச்சு. முந்தாநாள்வரைக்கும் தொண்ணூத்தாறு. நேத்து போர்வைக்குள்ள படுத்துக்கிட்டா மட்டும் எனக்கு வாடை வராதா?"

பாதித் துணி அலமாரிக்குப் போனதும் அம்மா பெட்டியை மூடி, மறுபடி கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"இன்னிக்கு அந்த மனுஷன் தொண்ணூத்தெட்டுன்னு மட்டும் சொல்லியிருந்தார்னா, நாம ரெண்டு பேரும் இந்நேரம் தெருமுனையைத் தாண்டியிருப்போம்."