வடிகால் திருகு

“ஒரு சொட்டுகூட வரலை, ஆர்னே!”

படகின் எஞ்சின் குழிக்குள் தலைகுப்புறக் கவிழ்ந்திருந்த லோர்னாவின் குரல் தகரக் கொட்டகை முழுக்க மோதித் திரும்பியது. ஒரு கையில் ஸ்பானர். இன்னொரு கையில், இப்போதுதான் கழற்றிய வடிகால் திருகு.

பக்கத்து வீட்டு ஆர்னே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“துரு அடைச்சிருக்கும். கம்பியை விட்டுக் குத்து.”

“குத்தறேன். நீ நல்லா சாப்பிடு.”

“தோள் வலி, லோர்னா. இல்லைன்னா நானே இறங்கியிருப்பேன்.”

“பேஸ்டியைத் தூக்கும்போது மட்டும் வலிக்கலையாக்கும்!”

ஹ்யூரன் ஏரிக்கரை முழுக்க இன்றிரவு உறைபனி என்று வானொலி காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சினைக் குளிர்விக்க ஏரியிலிருந்து இழுத்த தண்ணீர் அதன் வயிற்றுக்குள் தங்கியிருக்கும். வடிக்காமல் விட்டால், உறைந்து பருத்து இரும்பையே பிளந்துவிடும். இது அவள் கணவர் ரூடியின் அப்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் பொருத்திய ஆறு சிலிண்டர் எஞ்சின். பிளந்தால் மாற்றுவதற்கு இன்னொன்று கிடைக்காது.

ரூடி நூறு மைல் தள்ளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். நாளை காலை இதய வால்வு ஆபரேஷன். ஆனால் நேற்று மாலை மனைவியிடம் போனில் பேசியதெல்லாம் எஞ்சினைப் பற்றித்தான்.

“அது பிளந்துதுன்னு கேள்விப்பட்டா நான் கத்திக்குப் படுக்க மாட்டேன், லோர்னா. எழுந்து வீட்டுக்கு வந்துடுவேன். நீயே உன் கையால பண்ணு. ஆர்னே கூட நின்னு சொல்லிக் கொடுப்பான்.”

சொன்னால் செய்யக்கூடிய மனுஷர்.

நாற்பத்தோரு வருடக் குடித்தனத்தில் லோர்னா அந்த எஞ்சின் மூடியைத் திறந்ததே இல்லை. காலை ஏழு மணிக்கே ஆர்னே வந்து கதவைத் தட்டிவிட்டார். ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் பீய்ச்சச் சொன்னார். மாட்டியது சரியில்லை என்று திரும்பவும் கழற்றச் சொன்னார். ‘முதல்ல தண்ணியை எடுத்துடலாமே’ என்று அவள் இரண்டு முறை கேட்டாள். ‘எதுக்கும் ஒரு வரிசை இருக்கு’ என்றார். இப்போது மணி பன்னிரண்டேமுக்கால்.

“கம்பி முழுசும் உள்ளே போயிடுச்சு. ஒண்ணும் வரலை!”

“இன்னும் கொஞ்சம் குத்து.”

“மூணு மணிக்காவது கிளம்பினாத்தான் வெளிச்சத்துல போய்ச் சேருவேன். அந்த மனுஷர் முகத்தைப் பார்த்து ‘எஞ்சின் நல்லா இருக்கு’ன்னு நான் சொல்லணும். எனக்குப் பொய் சொல்ல வராது, உடனே கண்டுபிடிச்சுடுவார். டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார்.”

ஆர்னே மீதிப் பேஸ்டியைக் காகிதத்தில் சுற்றிக் கீழே வைத்தார்.

லோர்னா கம்பியை உருவினாள். துணியில் துடைக்கப் போன கை நின்றது.

துருவாக இருந்தால் செங்கல் நிறத்தில் இருக்க வேண்டும். கம்பி நுனியில் ஒட்டியிருந்தது ரோஜா நிறம். தண்ணீரை வடித்த பிறகு, உறையாமலிருக்கக் கடைசியில் ஊற்ற வேண்டிய திரவத்தின் நிறம். காலையில் ஆர்னே கொண்டுவந்த அந்தத் திரவத்தின் மூன்று கேன்களும் மூடி திறக்கப்படாமல் சுவரோரம் நின்றன.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“இதை உள்ளே ஊத்தினது யாரு?”

ஆர்னே தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“போன ஞாயித்துக்கிழமை நீ சர்ச்சுக்குப் போயிருந்தப்ப… ரூடி இந்த பக்கெட்டுல உட்கார்ந்து சொன்னான், நான் செஞ்சேன். தண்ணியை வடிச்சு, உறையாத மருந்தை ஓடவிட்டு, அதையும் வடிச்சு எல்லாம் முடிச்சாச்சு. இன்னிக்கு என்ன பனி பெய்ஞ்சாலும் எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது.”

முதலில் நிம்மதி வந்தது. அதன் பின்னாலேயே கோபம் வந்தது.

“அப்போ ஆறு மணி நேரமா என்னை எதுக்குடா இதுக்குள்ள கவுத்துப் போட்டே? கிழட்டுக் கழுதைங்க ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடறீங்களா? நான் இந்நேரம் அவர் பக்கத்துல உட்கார்ந்திருப்பேனே!”

ஆர்னே வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்தார். “ஆமாம்” என்றார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இன்னொரு முறை “ஆமாம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கைபேசியை அவளிடம் நீட்டினார்.

“திருமதி ரூடி கோஸ்கியா? ஆஸ்பத்திரியிலேர்ந்து டாக்டர் பேசறேன். உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். புது வால்வு அருமையா வேலை செய்யுது. சாயந்திரம் நீங்க வந்து பார்க்கலாம்.”

லோர்னா எண்ணெய்க் கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆபரேஷன் நாளைக்குத்தானே, டாக்டர்?”

“இல்லைம்மா, இன்னிக்குக் காலையில ஏழரைக்கே ஆரம்பிச்சுட்டோம். ‘அவ வெளியே உட்கார்ந்து தவிக்கிறான்னு தெரிஞ்சா உள்ளே என்னால நிம்மதியாப் படுக்க முடியாது. நாளைக்குன்னே அவகிட்ட சொல்லுங்க. எல்லாம் முடியற வரைக்கும் அவளுக்குக் கை நிறைய வேலை கொடுக்க ஆள் வெச்சிருக்கேன்’னு உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார்.”