மாடி அறை

வெளியே வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. சுற்றுலா வந்த புதுமணத் தம்பதி, போலீஸ் ஸ்டேஷன் மாடியில் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பூங்காவுல, பூவைப் பறிக்காதீங்கன்னு போர்டு இருக்கு. போலீஸ்காரர் பார்த்துக்கிட்டே நிக்கிறார். அப்பவும் பறிக்கிறே! மூளையைக் கழட்டி ஊர்லயே வச்சுட்டு வந்துட்டியா?" கணவன் பல்லைக் கடித்தான். "ஓட்டல் ரூம்ல நிம்மதியா கால் நீட்டிப் படுத்திருக்கலாம்."

அவள் கம்பி வழியே, வெளியே ஏறும் தண்ணீரை எட்டிப் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் வந்து கதவைத் திறந்தார். "சின்னத் தப்புதான், போனாப் போகுது. கிளம்புங்க."

"ரொம்ப நன்றி சார்!" கணவன் பையைத் தூக்கினான்.

அவள் விறுவிறுவென்று போய், இன்ஸ்பெக்டர் மேஜைத் தொட்டியில் பூத்திருந்த ஒரே ரோஜாவைப் பறித்தாள்.

இருவரையும் மறுபடி உள்ளே தள்ளிப் பூட்டினார் அவர்.

"பைத்தியமாடி உனக்கு?"

"மெதுவாப் பேசுங்க. நம்ம ரூமுக்குள்ள இந்நேரம் இடுப்பளவு தண்ணி. இந்த ஊர்ல மாடி இருக்கிறதே இந்த ஸ்டேஷனுக்குத்தானாம். சும்மா வந்தா விடமாட்டாங்க, சின்னதா ஒரு தப்புப் பண்ணிட்டுப் போங்கன்னு நம்ம ஓட்டல் மேனேஜர்தான் காலையில காதுல போட்டார்."

"என்கிட்ட ஏன்டி சொல்லலை?"

"உங்களுக்குத்தான் நடிக்கவே வராதே!"

பக்கத்து லாக்கப்பில் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். திரும்பிப் பார்த்தால், கையில் ஒரு கொத்துப் பூவோடு ஓட்டல் மேனேஜர்.

"ரூம் வசதியா இருக்கா சார்?"