எட்டுத் தொட்டி மிளகாய்

"தொட்டியில உப்ப அள்ளிப் போட்டது நீதானேடா?"

மாடிப்படியில் நின்று பஞ்சநதம் பிள்ளை கேட்டார். கீழே முற்றத்தில் துரைக்கண்ணு நின்றிருந்தான். கேட்டதென்னவோ மாடித் தொட்டியில் இருந்த மிளகாய்ச் செடியைப் பற்றித்தான். ஆனால் கத்தி விழப்போவது அவனுடைய மூன்று மா குத்தகை நிலத்தின் மேல்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிப் புது அரசாங்கம் சட்டம் போட்டிருந்த நேரம் அது. மறுநாள் குடவாசல் தாலுகா ஆபீசில் விசாரணை. "ஆமாம், இவன்தான் என் நிலத்தில் சாகுபடி செய்கிறான்" என்று பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் ஏறிவிடும். மறுத்தாரோ, ஒன்பது வருஷப் பாடும் விழலுக்கு இறைத்த நீர்தான். போதாக்குறைக்குப் பிள்ளையின் பங்காளிகள் வேறு, பதிய விடாதே, விடாதே என்று காதைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த லட்சணத்தில்தானா அந்தச் செடிகள் கருக வேண்டும்!

தான் அந்த மாடிப்பக்கமே வந்ததில்லை என்று துரைக்கண்ணு சொல்லிப் பார்த்தான். பிள்ளை கேட்பதாக இல்லை. பதிவு விஷயத்தில் தன் மேல் ஆத்திரம் உள்ளவன் இந்த ஊரில் வேறு யார் என்றார். நாளைக்கு ஆபீசில் பேசிக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

"முதல்ல செடியப் பாக்கட்டுங்க. அவனுக்குத் தெரியாத மண்ணா?" என்று குறுக்கே வந்தாள் பிள்ளையின் மனைவி மங்களாம்பிகை அம்மாள்.

அந்த வீட்டில் அவள் சொல் எடுபடுவது அபூர்வம். இருந்தாலும் சொன்னாள். துரைக்கண்ணுவின் பெண்டாட்டி பூவம்மாள் பிரசவத்தில் செத்துப் பிழைத்தபோது பத்து நாள் கஞ்சியும் மோர்மிளகாயும் கொடுத்தனுப்பிய மகராசி அவள். அந்த மோர்மிளகாய் காய்த்ததெல்லாம் இந்த எட்டுத் தொட்டியில்தான்.

மாடியில் போய்ப் பார்த்தான். மேல்மண்ணில் வெள்ளை வெள்ளையாய் உப்பு பூத்திருந்தது. இலை நுனியெல்லாம் தீய்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று தொட்டிகளையே சுற்றிச் சுற்றி வர, நாள் பூரா இங்கேயேதான் கிடக்கிறது சனியன் என்று அம்மாள் அதை விரட்டினாள்.

யாரம்மா தண்ணீர் ஊற்றுவது என்று கேட்டான். தான் ஒருத்திதான் என்றாள். சனிக்கிழமை மட்டும் மாடிக்கு வரமாட்டாளாம். அன்று பிள்ளைக்கு விரதம். மாடி அறையில் தானே அடுப்பு மூட்டி, தானே சமைத்து, ஒருவேளைதான் சாப்பிடுவார். வெள்ளிக்கிழமையானால் வெங்காயத்தைக்கூட வாசல்படி ஏற்றாத சைவ வீடு அது. பிள்ளையின் விரதத்தைப் பற்றி ஊரே பெருமையாகப் பேசும்.

துரைக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினான். வெள்ளை பூத்த மேல்மண்ணைச் சுரண்டி எறிந்தான். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடைத்துக் கிடந்த அடித்துளையை ஈர்க்குச்சியால் குத்திவிட்டான். வாய்க்கால் தண்ணீரைக் குடம் குடமாய்ச் சுமந்து வந்து, மண் குழியாமல் மெல்ல மெல்ல ஊற்றினான். அடியில் வழிந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தான். கடல் தண்ணீர் தோற்றது.

இரண்டாம் முறை ஊற்றியபோது மண்ணிலிருந்து என்னவோ மேலே மிதந்து வந்தது. குனிந்து எடுத்தான். எடுத்தவன் அம்மாளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

மூன்றாம் முறை வழிந்த தண்ணீரில் உப்பு அவ்வளவாக இல்லை. "பொழச்சுக்கும்மா. பத்து நாளைக்கு வெறும் தண்ணிதான். அப்புறம் கடலைப் புண்ணாக்க ஊறவச்சு, நல்லா நீர்க்கக் கரைச்சு, தொட்டிக்கு ஒரு சொம்பு ஊத்துங்க. ஆசைப்பட்டுக் கெட்டியா ஊத்திடாதீங்க" என்றான்.

கீழே பிள்ளை காத்திருந்தார். "என்னடா, கண்டுபிடிச்சிட்டியா?"

துரைக்கண்ணு அம்மாளைப் பார்த்தான். தன் நிலத்தை நினைத்துக்கொண்டான்.

"நான்தான்யா போட்டேன். புத்தி கெட்டுப் போச்சு."

அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை திட்டுவார், கையை ஓங்குவார் என்று அவன் தலை குனிந்து நின்றான். அவரோ பேயறைந்தவர்போல் அவனையே பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் குடவாசலில் துரைக்கண்ணு கைகட்டி நின்றான். அதிகாரி கேட்டதும் பிள்ளை எழுந்தார். "ஒன்பது வருஷமா இவன்தாங்க சாகுபடி. எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். பங்காளிகள் முகத்தில் ஈயாடவில்லை. துரைக்கண்ணுவின் பெயர் ஏறியது. அவனுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் புளியமரத்தடிக்கு அவனைத் தள்ளிக்கொண்டு போனார் பிள்ளை. "செய்யாத தப்ப ஏன்டா ஒத்துக்கிட்ட?"

இவருக்கு எப்படித் தெரிந்தது என்று துரைக்கண்ணு திகைத்தான். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? வேட்டி மடிப்பைப் பிரித்துக் கையை நீட்டினான். உள்ளங்கையில் ஒரு மீன் செதில் மினுங்கியது.

"கருவாடு கழுவுன தண்ணிய ஊத்தியிருக்காங்கய்யா. அம்மா ஏதோ ஆசைப்பட்டுத் தின்னிருப்பாங்க. அதுக்காக அவங்களக் கோவிச்சுக்காதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அந்த மகராசி கதி என்ன ஆகும்னுதான்..."

பிள்ளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். செதிலை எடுத்துத் தூர எறிந்தார்.

"அவ பாவம்டா, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றார் மெதுவாக. "அது என்னோட சனிக்கிழமை விரதம்."