எழுத்தருக்குரிய பிற சொற்கள்

எழுதிப் பழக்கமில்லாத கையின் துணிச்சலைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அகராதி அலுவலகத்தின் படியெடுக்கும் அறையில், 'எழுத்தர்' என்பதற்குரிய பிற சொற்களையே ஆளுக்கொரு பட்டப்பெயராகச் சூட்டியிருந்தார்கள். அங்கே ஓர் அக்காவும் தங்கையும் வேலை பார்த்தார்கள். பழைய சொற்களை நீக்கும்படி பதிப்பாசிரியர் பணித்ததால், தங்கை 'கரணிகர்' என்பதை அகராதித் தாளில் கோடிட்டு அடித்தாள். மறுநாள் கரணிகர் வரவில்லை. அப்படி ஒருவர் இருந்ததே இல்லை என்றார்கள். அடுத்து 'ராயசக்காரர்' என்பதை அடித்தாள். ராயசக்காரரின் நாற்காலியே காணாமற்போயிற்று. அவருடைய தேநீர் மட்டும் மேசையில் ஆறாமல் இருந்தது.

இன்று பதிப்பாசிரியர் மறுபடியும் வந்தார்.

"'படியெடுப்பவர்' எதுக்கும்மா? அதையும் அடிச்சிடுங்க."

அது எதிர் மேசையிலிருந்த அவளுடைய அக்காவின் பட்டப்பெயர்.

"அடிக்க மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"தாராளமா போகட்டும். வேணும்னா நீங்களே அடிங்க. 'பதிப்பாசிரியர்'ங்கிற சொல் இருக்கிற தாள் என்கிட்டதான் இருக்கு."

"என்னடி, வாய் ரொம்ப நீளுது?" என்று அக்கா சிரித்தாள்.

பதிப்பாசிரியர் சிரிக்கவில்லை. திறந்த பேனாவை மெல்ல மூடிவிட்டு, தங்கையை வேலையிலிருந்து நீக்கினார். அவள் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்தபடி படியிறங்கினாள்.

இழந்தவை: இரண்டு சொற்கள், இரண்டு மனிதர்கள், ஒரு வேலை.